அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலியும் குமட்டலும்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பித்தப்பை, குடலிறக்கம் போன்ற அறுவை சிகிச்சைக்குக் காலையில் வந்தவர் மாலையிலோ மறுநாளோ வீட்டுக்குப் போவது இப்போது சிங்கப்பூரில் வழக்கமாகிவிட்டது. வலி அதிகம் இருக்கும் முதல் இரண்டு மூன்று நாள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறையில்தான் கழிகிறது. பக்கத்தில் இருப்பது மகளோ மருமகளோ பணிப்பெண்ணோ.

நான் அறுவை சிகிச்சை வார்டில் தாதி. வீட்டுக்குப் போனவர்கள் பதறிப்போய் அழைக்கும்போது அடிக்கடி கேட்பவை இரண்டு: "வலி தாங்கலை", "எது கொடுத்தாலும் வாந்தி எடுக்கறாங்க". இவை தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. கடுமையான வலி மருந்து குமட்டலைத் தரும். குமட்டினால் மருந்து உள்ளே தங்காது. தங்காவிட்டால் வலி ஏறும், வலி ஏறினால் குமட்டலும் கூடும். இந்தச் சுற்றை ஆரம்பத்திலேயே வெட்ட வேண்டும். அதற்கு எந்த மருந்து என்பதைவிட எந்த வரிசையில், எந்த நேரத்தில் என்பதுதான் முக்கியம்.

கீழே உள்ளவை பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கு வேறு. மருத்துவமனை கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாளின்படியே செய்யுங்கள்.

1. அறுவைக்கு முன்: மயக்க மருந்து நிபுணரிடம் எதையும் விடாமல் சொல்லுங்கள்

குமட்டலைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி அறுவை அறைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. யாருக்கு வாந்தி வரும் என்று கணிக்க மருத்துவர்கள் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். பெண்ணா? புகைபிடிக்காதவரா? முந்தைய அறுவைக்குப் பின் வாந்தி எடுத்தவரா, அல்லது பயணத்தில் குமட்டுபவரா? அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுமா? எதுவும் இல்லாதவருக்கு வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். நான்கும் இருந்தால் 80 சதவீதம்.

நம் வீட்டு அம்மாக்களில் பெரும்பாலானோருக்கு முதல் இரண்டும் பொருந்திவிடும். மூன்றாவதைத்தான் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கெந்திங் மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருபவரா அம்மா? அதைக் கட்டாயம் சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் டெக்சாமெத்தசோன், ஒண்டான்செட்ரான் போன்ற தடுப்பு மருந்துகளை மயக்கத்திலேயே கொடுப்பார்கள். வாயு மயக்கத்துக்குப் பதில் இரத்தக்குழாய் வழி மயக்க மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் சொல்லுங்கள். பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அது மிக முக்கியம். கடும் வலி மருந்து அவர்களுக்கு மூச்சைக் குறைக்கக்கூடும். தேக்காவில் வாங்கிய சூரணம், லேகியம், சீன மூலிகை எதுவானாலும் பாக்கெட்டோடு கொண்டு போய்க் காட்டுங்கள். எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ வாரம் ஒருமுறை செமாகுளுடைட் போன்ற ஊசி போடுபவர் அதையும் சொல்ல வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் பட்டினிக் கணக்கே மாறலாம்.

பட்டினி: பொதுவான விதி திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். பால் கலந்த டீ தெளிந்த நீரில் சேராது. "ஒரு வாய் டீதானே" என்று குடித்துவிட்டு வந்ததால் அறுவை தள்ளிப்போனவர்களை வார்டில் பார்க்கிறேன். இன்னொரு பக்கம், முந்தின இரவிலிருந்தே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வருபவர்களும் உண்டு. உடல் வறண்டால் குமட்டலும் தலைச்சுற்றலும் கூடும். அனுமதித்த நேரம் வரை தண்ணீர் குடிக்கட்டும்.

2. வார்டில்: வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்காதீர்கள்

ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்து தேவைப்படும். அதிக மருந்து என்றால் அதிகக் குமட்டல். அதனால் வலி நடுத்தரமாக இருக்கும்போதே தாதியைக் கூப்பிடுவதுதான் சரி. தொந்தரவு கொடுக்கிறோமோ என்று நம் பெரியவர்கள் தயங்குகிறார்கள். மணி அடிப்பதற்காகத்தான் அந்தப் பொத்தான் இருக்கிறது. குமட்டலுக்கும் இதே விதிதான்: வாந்தி வந்த பிறகு அல்ல, வாயில் எச்சில் ஊறத் தொடங்கும்போதே சொல்லுங்கள்.

சிலருக்கு, தாமே அழுத்தி வலி மருந்து எடுத்துக்கொள்ளும் பம்பு பொருத்தியிருப்பார்கள். ஒருமுறை அழுத்தினால் அடுத்த சில நிமிடங்களுக்கு, பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், எத்தனை முறை அழுத்தினாலும் மருந்து வராது. அதில் உள்ள உண்மையான பாதுகாப்பு வேறு: மருந்து கூடிப்போனால் நோயாளி தூங்கிவிடுவார், தூங்குபவரால் அழுத்த முடியாது. பாசத்தில் பக்கத்தில் இருப்பவர் அழுத்தினால் அந்தப் பாதுகாப்பே போய்விடுகிறது, மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். தூங்கும் அம்மாவுக்காகப் பிள்ளை பொத்தானை அழுத்துவது அன்பான காரியமாகத் தெரியும். செய்யவே செய்யாதீர்கள்.

கையையோ காலையோ மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டிருந்தால் வலியே இல்லாமல் வீட்டுக்கு வருவார். அது விட்டுப்போகும்போது வலி சட்டென்று முழு வேகத்தில் வரும், பெரும்பாலும் நள்ளிரவில். மரத்திருக்கும்போதே, குறித்த நேரத்தில் மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள். உணர்வு திரும்பும்வரை அந்தக் கையில் சூடான குவளையைக் கொடுக்காதீர்கள்.

3. மருந்து வாங்கும் இடத்தில்: மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் நேரத்தில் எல்லாரும் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். ஐந்தாறு பை, எல்லாவற்றிலும் ஆங்கில ஒட்டுச்சீட்டு. வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் பாட்டியாக இருந்தால் அவரால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். மருந்தாளரை நிறுத்தி, ஒவ்வொரு பையையும் கையில் எடுத்து, இது எந்தக் குவியல் என்று கேளுங்கள்.

முதல் குவியல், நேரம் தவறாமல் சாப்பிட வேண்டிய அடிப்படை வலி மருந்து: பாராசிட்டமால். கூடவே ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நேப்ராக்சன், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் போன்ற வீக்கம் குறைக்கும் மாத்திரை ஒன்று இருக்கலாம். இரண்டாவது, அதற்கும் மீறி வலித்தால் மட்டும் எடுக்கும் கடும் வலி மருந்து: டிராமடால், கோடீன், ஆக்சிகோடோன் போன்றவை. மூன்றாவது துணை மருந்துகள்: குமட்டலுக்கு, மலச்சிக்கலுக்கு, வயிற்றைப் பாதுகாக்க.

பையின் மேல் தடித்த பேனாவால் தமிழில் எழுதுங்கள். "வலி, எப்போதும்", "வலி, தாங்காவிட்டால்", "வாந்திக்கு". பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவர் படிக்கும் மொழியில் அவரே எழுதட்டும். எழுதும்போதே அவருக்கு எது புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

கிளம்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எதிலெல்லாம் பாராசிட்டமால் இருக்கிறது? வழக்கமாகச் சாப்பிடும் எந்த மருந்தை நிறுத்த வேண்டும், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும்? மருத்துவமனையில் கடைசி வேளை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள்? மூன்றாவது கேள்வியைக் கேட்காதவர்கள் வீட்டுக்கு வந்ததும் அதே மருந்தை மறுபடி கொடுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் பயந்து இரவு முழுக்கக் கொடுக்காமல் விடுகிறார்கள்.

4. வீட்டில் முதல் நாள்: நேர அட்டவணை போடுங்கள்

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். இடது ஓரத்தில் நேரம், அடுத்து மருந்து, அடுத்து யார் கொடுத்தது, கடைசியில் வாந்தி வந்ததா. நாலு கட்டம் போதும். இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இந்தத் தாள் இல்லாவிட்டால் ஒரே வேளை மருந்து இரண்டு முறை போய்விடும்.

பாராசிட்டமாலை வலி வந்தால் கொடுக்கும் மருந்தாக நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. முதல் மூன்று நாளைக்கு அதை மணி பார்த்துத் தவறாமல் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. காலை 6, நண்பகல் 12, மாலை 6, இரவு 12 என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் கல்லீரல் நோய் உள்ளவருக்கும் மருத்துவர் குறைவாகவே எழுதியிருப்பார்; அதை நீங்கள் கூட்டாதீர்கள்.

இதைச் சொன்னால், "வெறும் பனடால்தானே, இது எதுக்கு ஆகும்?" என்கிறார்கள். தனியாகப் பார்த்தால் எளிய மருந்துதான். ஆனால் விடாமல் கொடுக்கும்போது கடும் வலி மருந்தின் தேவை குறைகிறது, அதனால் குமட்டல் குறைகிறது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிங்கப்பூரில் பலர் வீட்டில் வைத்திருக்கும் அனாரெக்ஸ் என்ற தசைவலி மாத்திரை ஒன்றில் 450 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. டெகோல்ஜென் போன்ற சளி மாத்திரைகளிலும் உண்டு. டிராமடாலோடு பாராசிட்டமால் சேர்ந்தே வரும் மாத்திரையும் உண்டு. ஏற்கெனவே ஒரு நாளைக்கு 4 கிராம் எடுப்பவருக்கு, பாவம் வலிக்குதே என்று அனாரெக்ஸ் இரண்டிரண்டாக மூன்று வேளை கொடுத்தால் மொத்தம் 6.7 கிராம். கல்லீரல் பாதிக்கப்பட்டாலும் முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. அதனால்தான் பயம். பழைய மருந்து டப்பாவை இந்த நாள்களில் எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

வீக்கம் குறைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இந்த வகையில் ஒன்று மட்டும்தான். முழங்கால் வலிக்கு முன்பே வாங்கி வைத்திருக்கும் இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவர் எழுதாமல் தாமாக இதைத் தொடவே கூடாது. வாந்தி எடுத்து உடல் வறண்டிருக்கும் நாளில் இது சிறுநீரகத்தைத் தாக்கலாம். அப்படிப்பட்ட நாளில் அழைத்துக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கடும் வலி மருந்து கடைசியில்தான் வருகிறது. அடிப்படை மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் அசைய முடியவில்லை என்றால் கொடுங்கள். எழுதிய அளவில் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்க்கக் கூடாது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவருக்கு டிராமடால் எழுதியிருந்தால் மருந்தாளரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரவில் பாராசிட்டமாலுக்காக எழுப்பலாம். கடும் வலி மருந்துக்காகத் தூங்குபவரை ஒருபோதும் எழுப்பாதீர்கள்.

5. வலியைக் கேட்கும் விதம்

"வலிக்குதா?" என்று கேட்டால் நம் அப்பாக்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பரவாயில்லை." பிள்ளைக்குக் கஷ்டம் வேண்டாம் என்று அடக்கிக்கொள்கிறார்கள். அசையாமல் படுத்திருந்தால் வலி குறைவாகவும் தெரியும். ஆனால் வலிக்குப் பயந்து இருமாமலும் ஆழமாக மூச்சு விடாமலும் இருந்தால் நுரையீரலில் சளி தேங்கும், காய்ச்சல் வரும். நடக்காமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டலாம்.

அதனால் நான் வார்டில் வேறு மாதிரி கேட்பேன். "அப்பா, ஒருமுறை இருமிக் காட்டுங்க." "அம்மா, ஆழமா மூச்சு இழுங்க, அப்படியே இடது பக்கம் திரும்புங்க." முகம் சுளித்து, பாதி மூச்சில் நிறுத்தினால் வலி மருந்து போதவில்லை என்று அர்த்தம், வாயால் என்ன சொன்னாலும் சரி. 0 முதல் 10 வரை எண் கேட்பதும் நல்லதுதான். படுத்திருக்கும்போது ஒன்று, அசையும்போது ஒன்று என இரண்டு எண்ணாகக் கேளுங்கள்.

எண் சுத்தமாகப் பூஜ்யம் ஆக வேண்டும் என்று துரத்தாதீர்கள். இருமவும் திரும்பவும் கழிவறைக்கு நடக்கவும் முடிந்தால் போதும். அதற்கு மேல் மருந்தைக் கூட்டினால் குமட்டலும் மயக்கமும்தான் மிஞ்சும்.

லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி வயிற்று அறுவை) செய்தவருக்குத் தோள்பட்டை வலித்தால் குடும்பமே பயந்துவிடுகிறது. வயிற்றுக்குள் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. நடக்க நடக்க ஓரிரு நாளில் விடும். மார்பு இறுக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், உடனே உதவிக்கு அழையுங்கள்.

6. குமட்டல்: முதலில் காரணத்தைத் தேடுங்கள்

வாந்தி வந்ததும் வாந்தி மாத்திரையைத் தேடி ஓடாதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாளைப் பாருங்கள்.

கடும் வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் குமட்டல் வந்திருக்கிறதா? வெறும் வயிற்றில் கொடுத்தீர்களா? அடுத்த முறை இரண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டோ கால் கிண்ணம் கஞ்சியோ கொடுத்து, அதன் பிறகு மருந்து. வெள்ளிக்கிழமை விரதமும் நோன்பும் இருப்பவர்கள் இந்த நாள்களில் அதைத் தள்ளி வைப்பதே நல்லது. அப்படியும் ஒவ்வொரு வேளையும் குமட்டினால் அழைத்து மருந்தை மாற்றச் சொல்லுங்கள். சிலருக்கு டிராமடால் ஒத்துக்கொள்வதே இல்லை.

எழுந்ததும் வந்ததா? அப்படியானால் வேகமாக எழுந்திருக்கிறார், அல்லது தண்ணீர் போதவில்லை. வலி ஏறியிருந்தபோது வந்ததா? அப்போது தேவை வலி மருந்துதான். மூன்று நாளாக மலம் போகவில்லையா? காரணம் அங்கே இருக்கலாம். சர்க்கரை நோயாளியா? வியர்வை, நடுக்கத்தோடு குமட்டினால் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். சாப்பிடாமல் கிளிபிசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். மாறாக, அறுவை அறையில் டெக்சாமெத்தசோன் கொடுத்திருந்தால் மறுநாள் சர்க்கரை ஏறிக் காட்டலாம்.

வாந்தி மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுத்தால்தான் பலன். மெட்டோகுளோப்ரமைடு எழுதியிருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அதைச் சாப்பிட்டதும் உட்கார முடியாத படபடப்போ, கழுத்து, தாடை இழுத்துக்கொள்வதோ வந்தால் நிறுத்திவிட்டு அழையுங்கள். பார்கின்சன் நோய் உள்ளவருக்கு அது ஆகாது. ஒண்டான்செட்ரான் தலைவலியும் மலச்சிக்கலும் தரலாம்.

மருந்தில்லாத உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். மணிக்கட்டின் உள்பக்கம், மடிப்புக்கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நரம்புக் கயிறுகள் போலத் தெரியும் தசைநார்களுக்கு நடுவே ஒரு புள்ளி இருக்கிறது. கட்டை விரலால் அங்கே இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அறுவைக்குப் பின் குமட்டலை இது குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோடாலித் தைலத்தைக் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்வது சிலருக்கு இதமாக இருக்கும். தையல் பக்கம் தடவாதீர்கள். மெல்லிய இஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் இஞ்சியைச் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாளிக்கும் வாசனை படுக்கையறைக்கு வராமல் கதவைச் சாத்துங்கள். கழக வீட்டில் சமையலறைக்கும் அறைக்கும் நாலடிதான் இருக்கும், இது சின்ன விஷயமல்ல.

வாந்தி எடுத்துவிட்டாரா? அரை மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். ஒரு மணி நேரம் தங்கினால் கொஞ்சம் கூட்டுங்கள். தாகம் என்று ஒரே மடக்கில் ஒரு குவளை கொடுத்தால் அதுவும் வெளியே வரும். வாந்தியில் மாத்திரை முழுசாகத் தெரிந்தால் அழைத்துக் கேளுங்கள். தெரியாவிட்டால் அடுத்த வேளை வரை பொறுத்திருங்கள், நீங்களாகத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

7. சாப்பாடும் மலச்சிக்கலும்

தெளிந்த நீர், அப்புறம் கஞ்சி, அப்புறம் இட்லி, ரசம் சாதம், அப்புறம் வழக்கமான சாப்பாடு. எண்ணெயும் காரமும் கடைசியில். மூன்று வேளைக்குப் பதில் ஆறு சிறு வேளையாகக் கொடுத்தால் குமட்டல் குறையும்.

புண் ஆறும் என்று பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி விரால் மீன் சூப் கொண்டுவந்து கொடுப்பார். நல்ல புரதம், தாராளமாகக் கொடுங்கள். மூலிகை வேர் போட்டுக் காய்ச்சியதாக இருந்தால் மட்டும் முதலில் மருந்தாளரிடம் கேளுங்கள். சில வேர்கள் இரத்தக்கசிவைக் கூட்டும். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்துவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும்.

கடும் வலி மருந்து கொடுக்கத் தொடங்கிய அன்றே, எழுதிக் கொடுத்த மலமிளக்கியையும் தொடங்குங்கள், லாக்டுலோஸோ சென்னாவோ. மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முக்க வேண்டி வரும், முக்கினால் தையலில் வலி. தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு நார்ச்சத்துத் தூள் வேண்டாம், உள்ளே இறுகிவிடும்.

8. எழுந்து நடக்க வைப்பது

மாத்திரை கொடுத்து 45 நிமிடம் கழித்து நடக்கச் சொல்லுங்கள். மருந்து வேலை செய்யும் நேரமும் நடக்கும் நேரமும் பொருந்த வேண்டும். வலி இல்லாத நேரம் தூங்கிவிட்டு, மருந்து தீரும் நேரத்தில் எழுந்தால் அவருக்கு நடையே வெறுத்துவிடும்.

வயிற்று அறுவை என்றால் நேராக நிமிர்ந்து எழக் கூடாது. முழங்காலை மடக்கி, மொத்த உடலையும் ஒரு பக்கம் புரட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காரட்டும். தலை சுற்றவில்லை என்றால் நிற்கட்டும். இருமும்போது மடித்த தலையணையைத் தையல்மேல் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாள் கழிவறைவரை, மறுநாள் வாசல்வரை, அதற்கடுத்து மின்தூக்கிவரை.

9. மருந்தைக் குறைக்கும் வரிசை

முதலில் நிறுத்த வேண்டியது கடும் வலி மருந்து, அடுத்து வீக்கம் குறைக்கும் மாத்திரை, கடைசியில் பாராசிட்டமால். வலி குறைந்த மகிழ்ச்சியில் பாராசிட்டமாலை முதலில் நிறுத்திவிட்டு டிராமடாலைத் தொடர்பவர்கள் உண்டு. அது தலைகீழ்.

மிஞ்சிய கடும் வலி மருந்தை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், ஊருக்குப் போகும் பெட்டியிலும் போடாதீர்கள். டிராமடால் 2018 முதல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது.

10. எப்போது அழைப்பது

பெயர் சொல்லிக் கூப்பிட்டும் சரியாக விழிக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 10-க்குக் குறைவு, உதடு நீலம், மூச்சுத் திணறல், மார்பு வலி, கழுத்து அறுவைக்குப் பின் கழுத்து வீங்குவது, இரத்த வாந்தி: இவற்றில் எது வந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 995. மூச்சை எண்ணும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

அறுவை செய்த மருத்துவமனையை அன்றே அழைக்க வேண்டியவை: பச்சை நிற வாந்தி, வயிறு உப்பி வாயுவும் பிரியாமல் இருப்பது, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காதது, வீட்டுக்கு வந்து 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, 38 பாகைக்கு மேல் காய்ச்சல், தையல் சிவந்து சூடாகிச் சீழ் கசிவது, ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, குறைந்துவந்த வலி மூன்றாம் நாளுக்குப் பின் திரும்ப ஏறுவது. மாவுக்கட்டுக்குள் வலி மருந்துக்கு அடங்காமல் ஏறி, விரல்கள் மரத்தால் நேராக அவசரப் பிரிவுக்கே போங்கள். வயதானவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் வாந்தியில் ஒரு நாள் காத்திருக்காதீர்கள். அரை நாளிலேயே அழையுங்கள்.

அழைக்கும்போது அட்டவணைத் தாள் கையில் இருக்கட்டும். என்ன அறுவை, எந்தத் தேதி, கடைசியாக எந்த மருந்து எத்தனை மணிக்கு, எத்தனை முறை வாந்தி, கடைசியாகச் சிறுநீர் எப்போது என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். மருத்துவமனைக்குக் கிளம்பினால் எல்லா மருந்துப் பைகளையும், அந்தத் தாளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.